ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா?

நாம் போடும் ஒவ்வொரு மாத்திரையையும் நமக்கு முன்னால் முகம் தெரியாத சிலர் விழுங்கிப் பார்த்திருக்கிறார்கள். அது வேலை செய்யுமா, ஏதாவது கெடுதல் செய்யுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத நேரத்தில் விழுங்கியிருக்கிறார்கள். எலியிலும் குரங்கிலும் எத்தனை முறை சோதித்தாலும் கடைசியில் மனித உடம்பில் பார்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. மருந்து மட்டுமல்ல. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் எடுக்கும் பேட்டி, பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கும் கேள்வித்தாள், ஒரு ஊரில் வீடு வீடாக எடுக்கும் ரத்த மாதிரி என்று எல்லாமே மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிதான்.

ஒருவருடைய உடம்பையோ வாழ்க்கையையோ வைத்துப் பிறருக்குப் பயன்படும் ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம். அந்த ஒருவருக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? ஆராய்ச்சி நெறிமுறை என்ற துறை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. முதுகலை ஆய்வேடு செய்யும் மாணவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் பலரும் "கன்சென்ட் ஃபார்ம் வாங்கணும்" என்பார்கள். வாங்கத்தான் வேண்டும். ஆனால் கையெழுத்து என்பது வரிசையில் கடைசியாக வருவது. அதற்கு முன்னால் சரியாக இருக்க வேண்டியவை சரியாக இல்லையென்றால், ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் அந்த ஆய்வு தவறானதுதான்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு

முதலில் இந்த வேறுபாடு பிடிபட வேண்டும். டாக்டர் உங்களுக்குச் சிகிச்சை தரும்போது அவருடைய நோக்கம் ஒன்றே ஒன்று: நீங்கள் குணமாக வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, மாற்றுவார். அளவு அதிகமா, குறைப்பார். ஆராய்ச்சியில் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. யாருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளைக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்ட திட்டப்படி நடக்கும். பல ஆய்வுகளில் யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பது டாக்டருக்கே தெரியாது. தெரிந்தால் தன்னை அறியாமலேயே முடிவை ஒரு பக்கம் சாய்த்துவிடுவார் என்பதால் அப்படி வைக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், நோயாளியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. அதே ஆஸ்பத்திரி, அதே வெள்ளைக் கோட்டு, அதே டாக்டர். "டாக்டர் சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கையோடு மக்கள் சம்மதிக்கிறார்கள். அந்த நம்பிக்கை அருமையானது. அதனால்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது.

இதை வைத்து, ஆராய்ச்சி என்றாலே நோயாளியை ஏமாற்றும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்போது காசநோயாளி என்றால் சானடோரியத்தில் சேர்த்து மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடு கொடுத்து வைத்தியம் பார்ப்பதே முறை. ஆனால் படுக்கைகள் மிகக் குறைவு. புதிதாக வந்திருந்த மாத்திரைகளை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் குணமாகுமா, அப்படி வீட்டில் இருந்தால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றிவிடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் சிகிச்சை மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்தது. நெருக்கடியான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குடும்பத்தாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. இன்று உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அதில் சென்னையின் ஏழை நோயாளிகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டில் எது மேல் என்பது அன்று உண்மையிலேயே தெரியாது என்பதுதான். நோயாளிகளை இரண்டாகப் பிரிக்கும் உரிமையே அந்தத் தெரியாமையிலிருந்துதான் வருகிறது. விடை ஏற்கெனவே தெரிந்திருந்தால் பிரிப்பதற்கு நியாயமே இல்லை.

டஸ்கீகியில் நடந்தது

விடை தெரிந்த பிறகும் ஆய்வை நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலம் சாட்சி. 1932-இல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேக்கன் கவுண்டியில் உள்ள டஸ்கீகி பகுதியில் ஒரு ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்ற பால்வினை நோயைச் சிகிச்சை இல்லாமல் விட்டால் உடம்பில் அது எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி பயிரிட்டவர்கள். பலருக்கு அதுவரை டாக்டரைப் பார்க்கவே வாய்த்ததில்லை.

அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' இருக்கிறது, அதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். பரிசோதனை நாளில் சாப்பாடும் வண்டியும் இலவசம். செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் உண்டு. அதற்குப் பதிலாகப் பிணத்தை அறுத்துப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும்.

அவர்களுக்கு அனுப்பப்பட்ட ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்க ஆட்களை வரவழைப்பதற்காக எழுதிய கடிதம் அது. அந்த ஊசியால் நோயாளிக்கு எந்தப் பலனும் இல்லை. வலியும் தலைவலியும்தான் மிச்சம். கடிதத்தில் அப்படி எழுதவில்லை. இது மிகவும் சிறப்பான பரிசோதனை, முடிந்ததும் சிறப்புச் சிகிச்சை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, இலவசச் சிகிச்சைக்கு இதுவே உங்களுக்குக் கடைசி வாய்ப்பு, நர்ஸைத் தவறாமல் பாருங்கள் என்று பெரிய எழுத்தில் முடித்திருக்கிறார்கள். மறுக்க வழியில்லாதவரிடம் பொய்யைப் பரிசாகக் கட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காகிதம் எனக்குத் தெரியாது.

1940-களில் பென்சிலின் வந்தது. சிபிலிஸுக்கு அதுவே சரியான மருந்து என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. டஸ்கீகி ஆண்களுக்கு மட்டும் அதைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஆய்வு கெட்டுவிடும் என்றார்கள். மனைவிமார்களுக்கு நோய் தொற்றியது. நோயோடு குழந்தைகள் பிறந்தன. இதெல்லாம் ரகசியமாக நடந்ததும் அல்ல. ஆய்வின் முடிவுகள் மருத்துவ இதழ்களில் அவ்வப்போது வெளிவந்துகொண்டிருந்தன. டாக்டர்கள் படித்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள். பீட்டர் பக்ஸ்டன் என்ற பொதுச் சுகாதாரத் துறை ஊழியர் 1966-இல் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேள்வி கேட்டார், பலிக்கவில்லை. கடைசியில் விஷயம் பத்திரிகைக்குப் போய், 1972 ஜூலையில் செய்தி வெளியான பிறகுதான் ஆய்வு நின்றது. மொத்தம் 40 ஆண்டுகள். 1997-இல் அதிபர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த 600 பேரிடமும் ஒழுங்காக ஒரு படிவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த ஆய்வு நியாயமாகியிருக்குமா? ஆகியிருக்காது. பென்சிலின் வந்த பிறகு கண்டுபிடிக்க அங்கே கேள்வியே மிச்சமில்லை. நோய் எல்லா நிறத்தவருக்கும் வரக்கூடியது. ஆனால் அதைச் சுமக்கத் தேர்ந்தெடுத்தது ஏழைக் கறுப்பினத்தவரை. கையெழுத்து இந்த இரண்டையும் சரிசெய்யாது.

விதிகள் வந்த வழி

இந்தத் துறையின் விதிகள் பெரும்பாலும் ஒரு கொடுமை வெளிப்பட்ட பிறகே எழுதப்பட்டவை. நாஜி முகாம்களில் கைதிகள் மேல் சோதனை நடத்திய டாக்டர்களை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அமெரிக்கா விசாரித்தது. 1947-இல் வந்த அந்தத் தீர்ப்போடு பத்து விதிகள் வெளியாயின. பங்கேற்பவரின் சுயமான சம்மதம் கட்டாயம் வேண்டும் என்பது முதல் விதி. 1964-இல் உலக மருத்துவச் சங்கம், மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள், கடைசியாக 2024-இல். வேதனை என்னவென்றால், நியூரம்பெர்கில் நீதி கேட்ட அமெரிக்காவிலேயே அதே ஆண்டுகளில் டஸ்கீகி நடந்துகொண்டிருந்தது. அந்த விதிகள் நாஜிகளைப் போன்ற கொடியவர்களுக்குத்தான், நம்மைப் போன்ற நல்லவர்களுக்கு இல்லை என்று அங்கே பலரும் நினைத்துக்கொண்டார்கள்.

டஸ்கீகி அம்பலமான பிறகு அமெரிக்கா ஒரு ஆணையம் அமைத்தது. அதன் பெல்மாண்ட் அறிக்கை 1979-இல் வெளியானது. அது மூன்று கொள்கைகளைச் சொல்கிறது. முதலாவது, பங்கேற்பவர் தனக்கானதைத் தானே முடிவு செய்யும் மனிதர் என்று மதிக்க வேண்டும். தானாக முடிவெடுக்க முடியாதவருக்குக் கூடுதல் பாதுகாப்பு தர வேண்டும். இரண்டாவது, கெடுதலைக் குறைத்து நன்மையைக் கூட்ட வேண்டும். மூன்றாவது நீதி: ஆய்வின் சுமை ஒரு கூட்டத்தின் தலையிலும் பலன் இன்னொரு கூட்டத்தின் கையிலும் போய்ச் சேரக் கூடாது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும், 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளும் இதே அடித்தளத்தில் நிற்கின்றன.

சம்மதம் யாருடையது?

2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். நடத்தியது பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம். மாநில அரசுகளும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் துணை நின்றன. கம்மத்தில் பல சிறுமிகள் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வந்து, 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. எச்பிவி தடுப்பூசி நல்ல தடுப்பூசி. பெண் குழந்தைகளுக்குப் போடலாமா என்று கேட்டால் போடுங்கள் என்றே நான் சொல்வேன்.

ஆனால் சம்மதம் வாங்கிய விதம்? 2013-இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின்படி ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 1,948-இல் கைநாட்டு இருந்தது. பெற்றோர் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் இருக்க, பிள்ளையின் உடம்புக்கு வார்டன் சம்மதம் தந்திருக்கிறார். இது ஆராய்ச்சி அல்ல, செயல்விளக்கத் திட்டம்தான் என்று நடத்தியவர்கள் வாதிட்டார்கள். நிலைக்குழு அதை ஏற்கவில்லை. குறுக்குவழியில் போனதால் கடைசியில் அடி வாங்கியது ஒரு நல்ல தடுப்பூசியின் மீதான மக்களின் நம்பிக்கை.

வார்டன் மட்டுமல்ல. ஊர்த் தலைவர் சரி என்றால் ஊருக்குள் நுழையலாம், அவ்வளவுதான். ஊராரின் சம்மதம் அது ஆகாது. வயது வந்த பெண்ணுக்குப் பதிலாகக் கணவர் கையெழுத்துப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அதுவும் சம்மதம் ஆகாது. பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதிப்பதோடு, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் அதற்குப் புரியும்படி சொல்லி இசைவு கேட்க வேண்டும் என்கின்றன இந்திய நெறிகள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சாட்சி கூட இருந்து, படிவத்தில் உள்ளதைத்தான் வாய்விட்டுச் சொன்னார்கள் என்று உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும்.

படிவம் எந்தத் தமிழில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு தொகுதிகளுள் ஒன்றில் ஒதுக்கீடு செய்யப்படுவர்" என்று எழுதினால் பட்டதாரிக்கே புரியாது. "சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப் பேருக்குப் புது மருந்தும் பாதிப் பேருக்கு இப்போது தருகிற மருந்தும் கொடுப்போம். உங்களுக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது" என்று எழுதலாம். "10 மில்லி குருதி மாதிரி பெறப்படும்" என்பதற்குப் பதில் "ரெண்டு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம்" என்று எழுதலாம். எழுதியதைக் கொடுத்துவிட்டு அங்கேயே பேனாவை நீட்டாமல், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தவரிடம் "என்ன செய்யப் போறோம்னு நீங்க ஒருவாட்டி சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டால், புரிந்ததா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணமும் பேச்சில் வரும். பஸ் செலவு, ஒரு நாள் கூலி, சாப்பாடு கொடுப்பது நியாயம், கொடுக்காவிட்டால்தான் தவறு. ஆபத்தை மறந்து சம்மதிக்க வைக்கிற அளவுக்குக் கொடுத்தால், பசிதான் கையெழுத்துப் போடுகிறது.

திண்டுக்கல் கேள்வி

எல்லாச் சிக்கலும் நல்லவர் கெட்டவர் என்று பிரிந்து வருவதில்லை. 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் சுமார் 80,000 பேரை வைத்து ஒரு ஆய்வு தொடங்கியது. கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், புற்றாக மாறக்கூடிய இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரே வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆய்வகம் வேண்டாம், செலவும் குறைவு. இந்த எளிய சோதனை உயிரைக் காப்பாற்றுமா என்பதுதான் கேள்வி. ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிப் பெண்களுக்குச் சோதனை செய்தார்கள். மற்ற ஊர்களுக்கு ஏற்கெனவே இருந்த மருத்துவ வசதி மட்டும். 2007-இல் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

பெரிய வெற்றிதான். ஆனால் சோதனை இல்லாத ஊர்ப் பெண்கள்? பணக்கார நாடுகளில் பல பத்தாண்டுகளாக வேறு முறையில் இந்தப் புற்றைத் தேடிப் பிடித்து வந்தார்கள், இவர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று விமர்சனம் எழுந்தது. இதே வகையில் மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த ஆய்வுகள் மீதும் அதே கேள்வி விழுந்தது. நடத்தியவர்கள் தரப்பில் சொன்னது: இந்த ஊர்களில் அரசின் பரிசோதனைத் திட்டம் எதுவுமே இல்லை, நாங்கள் இருந்ததை யாரிடமிருந்தும் பறிக்கவில்லை, மலிவான முறை பலன் தரும் என்று நிரூபித்தால்தான் லட்சக்கணக்கான பெண்களுக்கு அது போய்ச் சேரும்.

இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஒரு ஊரில் வசதி இல்லை என்பது அந்த ஊர்ப் பெண்ணின் விருப்பம் அல்ல, அவளுக்கு நேர்ந்த அநீதி. அதையே ஆய்வின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் எங்கே ஏழ்மை இருக்கிறதோ அங்கேதான் ஒப்பீட்டுக்கான ஆட்கள் கிடைப்பார்கள். குறைந்தபட்சம் இப்படி ஒரு நோய் இருக்கிறது, இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், இன்ன இடத்துக்குப் போனால் செய்வார்கள் என்று ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெளிவாகச் சொல்வதும், முடிவு தெரிந்தவுடன் முதல் ஆளாக அவளுக்குச் சோதனை செய்வதும் இப்படிப்பட்ட எந்த ஆய்வுக்கும் கடமை என்று நினைக்கிறேன்.

யார் சரிபார்ப்பது?

ஆராய்ச்சியாளருக்குத் தன் ஆய்வு முக்கியம். அதனால் தன் ஆய்வு நியாயமானதா என்று முடிவு செய்ய அவரையே விடக் கூடாது. அதற்குத்தான் நெறிமுறைக் குழு, ஆஸ்பத்திரி வட்டாரத்தில் சொல்வதுபோல் எத்திக்ஸ் கமிட்டி. மருந்துச் சோதனைகளைப் பொறுத்தவரை இந்திய விதிப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், பெண் உறுப்பினர், மருத்துவத் துறையைச் சேராத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். அந்தச் சாதாரண ஆள் வாயைத் திறந்து "இந்தப் பக்கம் எனக்குப் புரியலையே" என்று சொல்கிற குழுதான் உருப்படியான குழு. குழு அனுமதி தராமல் ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது.

சமூகவியல், கல்வி, உளவியல் ஆய்வு செய்பவர்கள் இதெல்லாம் டாக்டர்களுக்கு என்று நினைக்க வேண்டாம். கேள்வியும் காயப்படுத்தும். 2012-இல் ஃபேஸ்புக் சுமார் 6,89,000 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ சோகமானவற்றையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. 2014-இல் ஆய்வு வெளியானபோது கண்டனம் எழுந்தது அதனால்தான். ஒரு கிராமத்தில் சாதிக் கொடுமை பற்றிப் பேட்டி எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் மாற்றி, தெரு, தொழில், வயது எல்லாவற்றையும் அப்படியே போட்டால் யார் சொன்னது என்று ஊரே கண்டுபிடித்துவிடும். நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள். சொன்னவர் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

உங்களிடம் வந்து கேட்டால்

நாளைக்கு உங்களையோ உங்கள் அம்மாவையோ ஒரு மருந்துச் சோதனையில் சேரச் சொல்லிக் கேட்கலாம். பயந்து மறுக்கவும் வேண்டாம், மரியாதைக்காகத் தலையாட்டவும் வேண்டாம். இது சிகிச்சையா ஆராய்ச்சியா, சேராவிட்டால் வழக்கமான வைத்தியம் குறையில்லாமல் கிடைக்குமா, இந்த நோய்க்கு இப்போது என்ன மருந்து இருக்கிறது, என் விவரத்தை யார் பார்ப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள். பாதியில் விலக நினைத்தால் காரணம் சொல்லாமலே விலகலாம். சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். அது ஆய்வால்தான் வந்தது என்றால் இழப்பீடும் தர வேண்டும். இது சலுகை அல்ல, 2019 விதிகளில் எழுதியிருக்கும் உரிமை.

மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். சிடிஆர்ஐ என்று தொடங்கும் பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, அதன் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் நடத்துகிறார்கள், எதற்காக, எந்தெந்த ஆஸ்பத்திரியில் என்பதெல்லாம் யாரும் பார்க்கும்படி இருக்கும். கையெழுத்துப் போட்டால் படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். அதில் ஆராய்ச்சியாளரின் எண்ணோடு நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் எண்ணும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.